மூலிகைப் பயிரில் மகசூல் இறங்கினால், நடவில் எங்கே தேடுவது?

மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு (செங்காந்தள்) போட்டவர்களிடமும், ஆத்தூர், நாமக்கல் பக்கம் மருந்துக் கூர்க்கன் (கோலியஸ்) போட்டவர்களிடமும் பேசிப் பாருங்கள். புகார் ஒரே மாதிரிதான் வரும். "செடி என்னமோ நல்லாத்தானுங்க நின்னுச்சு, எடை போட்டாத்தான் ஒண்ணும் காணோமுங்க." அதோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துக்கு முன்னால் நடவைப் பார்க்க வேண்டும். சோளத்தில் செடி செழித்தால் கதிரும் ஓரளவு வந்துவிடும். மூலிகையில் அந்த நம்பிக்கை செல்லாது. கண்வலியில் நாம் விற்பது விதை, கூர்க்கனில் கிழங்கு, அமுக்கராவில் (அஸ்வகந்தாவில்) வேர், துளசியில் தழை. செடி செழிப்பது ஒரு காரியம், விற்கிற பாகம் சேருவது வேறு காரியம். இரண்டாவது நடக்குமா நடக்காதா என்பதில் பெரும்பங்கு நட்ட அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

அதனால் பயிர் வாரியாகப் பிரிக்காமல், காட்டில் நின்றால் கண்ணில் படும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். கண்வலிக்கு இடம் அதிகம் போகும். நம் பக்கம் பணம் அதிகம் முடங்குவதும் அதில்தான், நடவில் தப்பு நடக்க வழி அதிகம் இருப்பதும் அதில்தான்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு கணக்கு

ஒரு கயிற்றை 30 அடிக்கு அளந்து, தோட்டத்தில் நான்கைந்து இடத்தில் செடி வரிசையான சாலோடு சாலாகப் போட்டு உயிரோடு இருக்கும் செடிகளை எண்ணுங்கள். கண்வலியைப் பாருக்குப் பார் (மண்ணை மேடாக இழுத்த வரிசை) 2 அடி, கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி விட்டு ஊன்றினால் 30 அடிக்கு 20 கொடி இருக்க வேண்டும். ஏக்கருக்கு 14,500 சொச்சம் வரும். எண்ணிப் பார்த்தால் 14தான் இருக்கிறது என்றால் பத்துக்கு மூன்று பங்கு மகசூல் முளைப்பிலேயே போய்விட்டது. மீதிக் கொடிகளுக்கு எவ்வளவு உரம் வைத்தாலும் அந்த இடைவெளி விதை தராது.

இடம் இடமாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைந்தால் கிழங்கிலோ விதையிலோ கோளாறு. ஒரு மூலையில் மட்டும் குறைந்தால் தண்ணீர் தேங்குவதோ, சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) மேலே வந்திருப்பதோ, கரையானோ இருக்கும். நாலு சாலில் மட்டும் குறைந்தால் அந்தச் சாலை ஊன்றிய ஆளை விசாரியுங்கள், கோபப்படாமல்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் கீழே உள்ளதற்குப் போகலாம்.

"ஊன்றி ஒரு மாசம் ஆச்சுங்க, பாதி முளைக்கவே இல்லை" (கண்வலி)

கண்வலி முளைத்து வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் பதற வேண்டாம். அதைத் தாண்டியும் வரவில்லை என்றால் முளைக்காத இடத்தில் இரண்டு மூன்று கிழங்கைத் தோண்டி எடுங்கள். கொத்தால் வெட்டாமல் கையால் மண்ணை விலக்கி எடுங்கள். கிழங்கின் உடம்பைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள்.

ஒரு முழுக் கண்வலிக் கிழங்கு கவட்டை போல இரண்டு கை விரித்து இருக்கும். ஒவ்வொரு கையின் கடைசி நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். வெளுத்துக் கூராக, நகம் பட்டாலே சிராய்ந்துவிடும் பதத்தில் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கையில் வேறு எங்கிருந்தும் முளை வராது. கிழங்கு கல் மாதிரி கெட்டியாக, ஒரு சுருக்கமும் இல்லாமல், மாதக் கணக்கில் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். முளை மட்டும் வராது. மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றி இறக்கிய கிழங்கில் இந்தச் சேதம்தான் அதிகம். வாங்கும்போது எடை பார்க்கிற நாம் நுனி பார்ப்பதில்லை.

ஈரோட்டு மஞ்சள்காரர்கள் கண்வலிக்கு வரும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். மஞ்சளில் ஒருகரு நாற்று முறையில் கிழங்கைச் சின்னத் துண்டாக நறுக்கிக் குழித்தட்டில் வளர்த்து நடுகிறோமே, விதைச் செலவு பாதிக்கும் கீழே வருகிறதே, இதையும் நறுக்கினால் என்ன? மஞ்சளில் கணுவுக்குக் கணு கரு இருக்கிறது, அதனால் செல்லும். கண்வலியில் நறுக்கினால் நுனித் துண்டு ஒன்றுதான் முளைக்கும், மற்றதெல்லாம் காசு போட்டு மண்ணில் புதைத்ததுதான். இரண்டு கையையும் நடுவில் பிரித்து இரண்டு கிழங்காக ஊன்றலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோண்டிய கிழங்கைப் பார்த்து முடிவு செய்வது இப்படி. நுனி ஒடிந்திருந்தால் அந்தக் குழியில் வேறு கிழங்கு ஊன்றுங்கள், காத்திருந்து பயனில்லை. நுனி நன்றாக இருந்து கண் மட்டும் திறக்காமல் இருந்தால் உறக்கம் கலையவில்லை. பழைய கொடி காய்ந்தபின் இந்தக் கிழங்குக்கு இரண்டு மூன்று மாதம் ஓய்வு வேண்டும். போன பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) தாமதமாகத் தோண்டிய கிழங்காக இருக்கலாம், மூடிவிட்டுப் பொறுங்கள். முளை வந்து மண்ணுக்குள்ளேயே வளைந்து கிடந்தால் ஆழம் அதிகம், அல்லது மேல்மண் இறுகிவிட்டது. கிழங்குக்கு மேல் நாலு விரல் மண் போதும். கிழங்கைப் படுக்க வைத்து ஊன்ற வேண்டும், தலைகீழாகச் செருகக் கூடாது. அரையடி பள்ளம் பறித்து, தொழு உரத்தோடு மண்ணைக் கலந்து நிரப்பி, அதன்மேல் கிழங்கை வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

கிழங்கு கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அழுகல். முதல் தண்ணீரைப் பார் முழுகப் பாய்ச்சியிருப்பீர்கள், அல்லது வெட்டுக்காயத்தோடு ஊன்றியிருப்பீர்கள். ஊன்றுவதற்கு முன் லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லி கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி ஊன்றுவது வழக்கமான முறை. இயற்கை முறையில் செய்பவர்கள் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்தில் பெருக்கி அடியில் போடுகிறார்கள். எதைச் செய்தாலும் வடிகால் இல்லாத கரிசலில் காப்பாற்ற முடியாது. இது செம்மண்ணுக்கும் சரளை கலந்த மண்ணுக்கும் உள்ள பயிர்.

"கொடி பந்தல் ஏறிடுச்சு, பூ மட்டும் இல்லை"

இதற்கு உரத்தைக் குறை சொல்லத் தோன்றும். தழைச்சத்து மிஞ்சினால் இப்படி ஆகும் என்பதும் உண்மைதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, ஊன்றியது எத்தனை கிராம் கிழங்கு? 50 முதல் 60 கிராம் இருக்கிற கிழங்கு முதல் பட்டத்திலேயே நன்றாகப் பூக்கும். பொடிக் கிழங்கு கொடி விடும், இலை விடும், பூவுக்குச் சத்து மிஞ்சாது. அந்த வருடம் அது தன் கிழங்கைப் பெரிதாக்கிக்கொள்வதோடு சரி.

கணக்குப் போட்டால் ஏன் எல்லோரும் இங்கே சறுக்குகிறார்கள் என்பது தெரியும். 14,500 கிழங்கு, ஒன்று 60 கிராம் என்றால் ஏக்கருக்கு 870 கிலோ. அதையே 30 கிராம் கிழங்காக வாங்கினால் 435 கிலோ. கிலோக் கணக்கில் விற்கிற சரக்கு என்பதால் செலவு பாதி. "எண்ணிக்கை அதேதானுங்களே" என்று வியாபாரி சொல்வார், அதுவும் பொய்யில்லை. விதைதான் அந்த எண்ணிக்கைக்கு வராது. காசு பற்றாவிட்டால் பரப்பைப் பாதியாக்கிப் பெரிய கிழங்கு வாங்குங்கள். பொடிக் கிழங்கு கையில் இருந்தால் ஒரு ஓரத்தில் நெருக்கமாக ஊன்றி ஒரு வருடம் பெருக்கி எடுத்து, அடுத்த ஆடிக்கு வயலில் ஊன்றுங்கள். விதையிலிருந்து வளர்க்கலாமா என்றால், வளரும். பூக்கிற அளவுக்குக் கிழங்கு தேற மூன்று நான்கு வருடம் ஆகும், அவ்வளவுதான்.

கிழங்கு பெரிதாகவே இருந்து பூ இல்லை என்றால் நெருக்கத்தையும் நிழலையும் பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு கிழங்கு வைத்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் கொடிக்குள் கொடி புகுந்து அடியில் வெளிச்சம் போகாது. தென்னைக்குள் ஊடுபயிராகப் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பொள்ளாச்சி மாதிரி அடர்ந்த தோப்பில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"பூ கொட்டிக் கிடக்குது, காய் பிடிக்கலை"

கண்வலியில் மிகவும் வயிற்றெரிச்சல் தரும் அறிகுறி இதுதான். தோட்டமே சிவப்பாக நிற்கும், போட்டோ எடுக்க ஆட்கள் வருவார்கள், மாநில மலர் வேறு. காயை எண்ணினால் பத்துப் பூவுக்கு இரண்டு.

ஒரு பூவைக் கையில் பிடித்துப் பாருங்கள். இதழ் ஆறும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். மகரந்தத்தாள் ஆறும் சுற்றிலும் விரிந்திருக்கும். நடுவில் பச்சைச் சூலகம் கீழ்நோக்கித் தொங்கும். அதன் அடியிலிருந்து கிளம்பும் சூல்தண்டு நேராக இறங்காமல் பக்கவாட்டில் சடாரென்று ஒடிந்த மாதிரி திரும்பி, பூவை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் மூன்றாகப் பிரிந்த சூல்முடி. தன் மகரந்தம் தன் மேல் விழுந்துவிடாதபடி ஒதுங்கியே நிற்கிறது. அதனால் பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ நம் ஆளோ வேறு பூவின் மகரந்தத்தைக் கொண்டு வந்து அங்கே தொட்டால்தான் காய்.

ஏக்கர் கணக்கில் பூத்தால் பூச்சி போதாது. அதனால்தான் காலை எட்டு மணி முதல் பதினோரு மணிக்குள் ஆள் விட்டு மகரந்தம் தொட வைக்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போவது, அந்த வேலை ஒழுங்காக நடக்குமா என்பதை நடவு தீர்மானிக்கிறது என்பது. பாருக்குப் பார் ஒன்றரை அடி வைத்து ஊன்றியிருந்தால் பூக்கும் காலத்தில் நடுவில் ஆள் போகவே முடியாது. ஓரத்தில் இருக்கிற பூவை மட்டும் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள், யாரைக் குறை சொல்வது? உள்ளே நுழைந்தாலும் சேலை பட்டுக் கொடி ஒடியும். பந்தலை ஏழெட்டு அடிக்கு உயர்த்தியிருந்தால் மேலே இருக்கிற பூ கைக்கு எட்டாது.

ஆகவே காய் பிடிக்காத தோட்டத்தில் மூன்றைச் சோதியுங்கள். கொடிக்குள் குனியாமல் நடக்கத் தடம் இருக்கிறதா? பூ எல்லாம் ஆள் உயரத்துக்குள் இருக்கிறதா? காய் பிடித்த பூக்கள் தடத்து ஓரமாகவும் கை எட்டும் உயரத்திலும்தான் இருக்கின்றனவா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால் கோளாறு சத்தில் இல்லை. இந்தப் பட்டத்துக்கு, நாலு பாருக்கு ஒரு இடத்தில் கொடியை ஒதுக்கிக் கட்டி வழி விடுங்கள். அடுத்த பட்டத்துக்கு, இரண்டு பாரைச் சேர்த்து ஒரு ஜோடியாக்கி, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் மூன்றடி தடம் விட்டு ஊன்றிப் பாருங்கள். ஏக்கருக்குக் கிழங்கு எண்ணிக்கை சற்றுக் குறையும். கை படுகிற பூவின் எண்ணிக்கை கூடும். விதை விற்கிற பயிரில் நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் சரியாக இருந்தும் ஐப்பசி மழையில் பூ நனைந்து காய் பிடிக்காமல் போவது உண்டு. அதை யாரும் தடுக்க முடியாது. பூவில் ஒரு பகுதியாவது மழைக்கு முன்னால் வரும்படி ஆனி கடைசி, ஆடியில் ஊன்றி முடிப்பதுதான் கையில் இருக்கிற ஒரே வழி. புரட்டாசிக்குத் தள்ளினால் கிழங்கும் ஈரத்தில் சிக்கும், இளங்கொடியும் இலைக்கருகலில் சிக்கும்.

"கொடி நுனி ஒடிஞ்சு தொங்குது, தரையில படுத்துடுச்சு"

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கண்வலிக்கு மழைக் கணக்கில் பொருந்தும், காற்றுக் கணக்கில் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்பதற்கு அங்கே நிற்கிற காற்றாலைகளே சாட்சி. கொடி ஏறத் தொடங்குவதும் அதே நேரம்தான்.

பற்றுக்கம்பு நட்டிருக்கிறோமே என்பார்கள். கம்பு இருக்கிறது, கொடி பற்றவில்லை. கண்வலிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்கிறது. அந்த நுனி சுற்றுவதற்கு ஈர்க்கு, சுள்ளி, கம்பி என்று மெல்லியதாக ஏதாவது வேண்டும். மொத்தக் கல்தூணையோ தடித்த கம்பையோ அதனால் சுற்ற முடியாது, காற்றில் உரசி உரசி ஒடியும். அதனால்தான் நம் ஆட்கள் கிளை கிளையாக இருக்கிற காய்ந்த விராலிப் புதர்ச்செடி மாரைச் செருகினார்கள். கொறங்காட்டு (மேய்ச்சல் நில) வேலியில் நிற்கிற அதே முள்கிளுவையைப் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டு உயிர்த்தூணாக்கினார்கள். இரண்டும் இன்றைக்கும் நல்ல முறைதான். விராலிக்கு ஆயுள் குறைவு, கரையான் அரிக்கும். கிளுவை நிலைக்கும், ஆனால் ஊன்றுகிற அன்றைக்கே போத்தையும் நட்டால் பயன் இல்லை, முன்கூட்டியே நட்டு வேர் பிடித்திருக்க வேண்டும். தழைத்தால் கவாத்தும் செய்ய வேண்டும். கல்தூண், கம்பி போடுகிறவர்கள் ஒரு கம்பியோடு விடாமல் கீழே அரையடி உயரத்திலிருந்தே குறுக்குக் கம்பியோ சணல் கயிறோ கட்டுங்கள். முதல் பிடி தரைக்குப் பக்கத்தில் கிடைத்துவிட்டால் கொடி பிறகு தானே ஏறிக்கொள்ளும்.

களை வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. தரையோடு முளை ஒடிந்தால் அந்தக் கொடி அந்தப் பட்டத்துக்குப் போனதுதான். முதல் களையைக் கையால் எடுக்கச் சொல்லுங்கள், கூலி கூடினாலும் சரி.

"நல்லா இருந்த செடி திடீர்னு வாடுது" (மருந்துக் கூர்க்கன்)

கூர்க்கனை நுனித்தண்டு வெட்டி நடுகிறோம், விரற்கடைக் கணக்கில் ஐந்தாறு நீளம், மூன்று நான்கு ஜோடி இலை இருக்கும்படி. நோயும் அந்தத் தண்டோடுதான் ஊருக்கு ஊர் போகிறது. ஒப்பந்தத்தில் கொடுக்கிறார்கள் என்று வண்டியில் வந்ததை அப்படியே இறக்கி நடுவது வழக்கமாகிவிட்டது.

வாடின செடியைப் பிடுங்கி அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரைத் தொடும்படி பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இதற்கு நின்ற பயிரில் வைத்தியம் பெரிதாக இல்லை. செடியை மண்ணோடு எடுத்து எரித்துவிட்டு, அந்தச் சாலின் தண்ணீர் அடுத்த சாலுக்குப் போகாமல் அடையுங்கள். இழை இறங்காமல், வேரில் மட்டும் முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு. நூற்புழு துளைத்த வேரில்தான் அழுகல் பூஞ்சையும் புகும். தக்காளி, கத்தரி எடுத்த நிலத்தில் உடனே கூர்க்கன் போட்டால் இரண்டுமே வரும். அடுத்த முறை முன்பயிராகச் செண்டுமல்லி போட்டுவிட்டு வாருங்கள்.

வாடல் இல்லை, கிழங்குதான் ஒல்லி என்றால் பார் அமைப்பைப் பாருங்கள். சமதளத்தில் நட்டது, அல்லது பார் போட்டும் மண் அணைக்காதது, இரண்டுமே கிழங்கைக் கெட்டி மண்ணில் திணறவிடும். இரண்டடி பார், ஒன்றரை அடி செடி, ஒரு மாதத்துக்குப் பின் ஒரு தடவையாவது மண் அணைப்பு. பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், விற்பது பூ இல்லையே. ஐந்து ஆறு மாதத்தில் தோண்டலாம். பச்சைக் கிழங்கு ஏழெட்டு கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும். பச்சை எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுக் காய்ந்த எடையில் "ஏமாத்திட்டாங்க" என்று சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

"வேர் விரல் விரலாப் பிரிஞ்சிருக்குது, முதல் தரத்துக்கு எடுக்க மாட்டேங்கிறாங்க" (அமுக்கரா)

வியாபாரி கேட்பது தடித்த, நேரான, கிளை குறைந்த வேர். பிரிந்த வேர் என்றால் இரண்டில் ஒன்று. நாற்று விட்டுப் பிடுங்கி நட்டிருந்தால் ஆணிவேர் நுனி அறுந்து, அந்த இடத்திலிருந்து நாலு கிளை கிளம்பியிருக்கும். நேரடியாக விதைத்தும் பிரிந்திருந்தால் கீழே மண் இறுகியிருக்கிறது. ஒரு கடப்பாரையை ஈரப்பதத்தில் கையால் அழுத்திப் பாருங்கள், அரையடியில் நின்றுவிட்டால் வேரும் அங்கேதான் நின்றிருக்கும். ஆழ உழாமல், வெறும் ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டின மேட்டாங்காட்டில் இதைத்தான் பார்க்கிறோம்.

பிரியாமல் நேராக, ஆனால் பென்சில் பருமனுக்குக் கூட வரவில்லை என்றால் நெருக்கமாக நிற்கிற செடிகளைப் பிடுங்கிக் கலைக்காமல் விட்டிருக்கிறீர்கள். வீசி விதைத்தால் ஒரு இடத்தில் பத்துச் செடி, ஒரு இடத்தில் ஒன்றுமில்லை. வரிசையில் விதைத்து, ஒரு மாதத்துக்குள் கலைத்துவிட வேண்டும். முளைத்ததைப் பிடுங்கி எறிய மனசு வராதுதான். பிடுங்கினதைச் சந்து நிரப்ப நட வேண்டாம், அந்த வேர்தான் பிரிந்து வரும்.

விதை போட்டும் முளைப்பு வராதவை

நித்தியகல்யாணியும் துளசியும் இங்கே நேர் எதிர். நித்தியகல்யாணி விதைக்கு இருட்டு வேண்டும், மேலே போட்டுவிட்டு மூடாமல் விட்டால் முளைப்பு சரியும். மெல்லிய மண் போட்டு மூடி, மேலே வைக்கோலும் பரப்புங்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுங்கள். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 1 கிலோ விதை, பத்து மடங்கு மணல் கலந்து. நாற்றங்காலுக்கு 200 கிராம் போதும், இரண்டு மாத நாற்றை ஒன்றரை அடிக்கு ஒரு அடியில் நடலாம். தண்ணீர் வசதி இருந்தால் நாற்று, மானாவாரிக்கு நேரடி விதைப்பு. வேர் விற்கிறவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், நடுவில் தழையை மொட்டையடித்தால் வேர் பருக்காது.

துளசி, கீழாநெல்லி விதைகளைப் புதைத்தால் முளைக்காது. இவற்றுக்கு வெளிச்சம் பட வேண்டும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, பூவாளியால் நனைத்தால் போதும். குழாயைத் திறந்துவிட்டால் விதை எல்லாம் பாத்தி மூலைக்குப் போய்ச் சேரும், பிறகு மூலையில் மட்டும் கொத்தாக முளைக்கும். தழைதான் விற்கப்போகிறோம் என்பதால் நெருக்கம் இங்கே குற்றம் இல்லை. கீழாநெல்லியை 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வரை நெருக்கி நடலாம். துளசிக்கு 40 சென்டிமீட்டர் நாலு பக்கமும். துளசி இரண்டாவது அறுப்பில் தழையவில்லை என்றால் முதல் அறுப்பைத் தரையோடு அறுத்திருப்பீர்கள், ஒரு சாண் கட்டை விட வேண்டும்.

சென்னா என்று வியாபாரிகள் வாங்கும் நிலாவாரைக்குத் தோல் கெட்டி. ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். பிடுங்கி நடுகிற வேலை இதற்கு ஆகாது. சீக்கிரமே பூத்து இலை குறைந்தால் பூங்கொத்தைக் கிள்ளுங்கள். கற்றாழை சிறுத்து நின்றால் சுற்றியிருக்கும் பக்கக்கன்றுகளைப் பிரித்தெடுங்கள், குருத்து மண்ணுக்குள் போயிருந்தால் மண்ணை விலக்குங்கள். அதற்குமேல் அதில் சிக்கல் இல்லை.

எல்லாம் பொருந்தியும் காரணம் தெரியவில்லை என்றால்

மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள். நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுப்பது நடவுக் கோளாறு மாதிரியே தெரியும். வாடின செடி ஒன்றை வேரோடு எடுத்துக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற இலைப் படத்தை வைத்து வேரில் இருக்கிற கோளாறைச் சொல்ல முடியாது. அடுத்த பட்டத்தில் ஒரு நாலு சாலையாவது வேறு இடைவெளியில் ஊன்றி, அதன் விதையைத் தனியாக எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

அடுத்த ஆடிக்குக் கிழங்கு

கண்வலியில் அடுத்த வருட முளைப்பு இந்த வருடம் தோண்டுகிற அன்றைக்குத் தொடங்குகிறது. காய் பறித்துக் கொடி முழுக்கக் காயும்வரை தோண்டாதீர்கள், புதுக் கிழங்கு அதுவரை எடை ஏறிக்கொண்டிருக்கும். தோண்டும்போது கொடியின் தண்டை நடுவாக வைத்து ஒரு அடி தள்ளி முள்கடப்பாரையை இறக்கி நெம்புங்கள். நுனி எந்தப் பக்கம் நீண்டிருக்கும் என்று மேலிருந்து தெரியாது. எடுத்த கிழங்கைச் சாக்கில் கட்டாமல், காற்றோட்டமான நிழலில் காய்ந்த மணல் பரப்பி ஒரே அடுக்காக வையுங்கள். மாதம் ஒரு தடவை புரட்டி அழுகியதை எடுத்துவிடுங்கள். அப்போதே 50 கிராமுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் ஆடியில் வேலை சுலபம்.

வைக்கிற இடம் பூட்டுப் போட்ட இடமாக இருக்கட்டும். கிழங்கும் விதையும் இரண்டுமே கொடிய விஷம், வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கருணை, சேனை, சர்க்கரைவள்ளி வைக்கிற அறையில் இதை வைக்க வேண்டாம். ஆடு, மாடு எட்டாமல் பாருங்கள். கிழங்கு பிரித்தவர்களும் விதை உடைத்தவர்களும் சோற்றில் கை வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், கையுறை வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.